பூந்தொட்டிக்கு அடியில் மஞ்சள் ஸ்பிரிங்

முதலில் மன்னிப்புக் கேட்டுவிடுகிறேன். என் கையெழுத்து பார்க்க நன்றாக இருக்காது. தேயிலைத் தோட்டத்துத் தமிழ்ப் பள்ளியில் ஆறாம் வகுப்போடு நின்றவன் நான். பெரிய ‘ற’ எங்கே, சின்ன ‘ர’ எங்கே என்று இன்றும் நிறுத்தி யோசித்துத்தான் எழுதுகிறேன். இத்தனை வருடமாக லாரி ஸ்டீயரிங்கைப் பிடித்த விரல்களுக்குப் பேனா அகப்படுவதில்லை. கொஞ்சம் அழுத்தினால் தாள் கிழிகிறது. வாயால் சொல்லலாமே என்று கேட்பீர்கள். அது இன்னும் கஷ்டம். நாலு பேர் கூடியிருக்கும் இடத்தில் நான் சுவரோரம் நிற்கிற ஆள். எழுதிக் கொடுத்தால் பிழை திருத்தி, கணினியில் அடித்துத் தருவதாக என் தங்கையின் மகள் சொன்ன தைரியத்தில்தான் உட்கார்ந்திருக்கிறேன்.

என் தங்கை வீட்டு வாசலில் நான்கு ஜெரேனியம் தொட்டிகள் இருக்கின்றன. ஒவ்வொரு தொட்டியும் ஒரு மஞ்சள் ஸ்பிரிங்கின் மேல் உட்கார்ந்திருக்கும். மழைநாளில் வாசலில் ஓடும் தண்ணீர் தொட்டியின் அடியைத் தொடாமல் ஸ்பிரிங்கின் வளையங்களுக்குள் புகுந்து போய்விடும். இதை நாங்கள் தினமும் பார்த்துப் பழகியதால் யாரும் கவனிப்பதில்லை. என் மருமகள், அதாவது அந்தத் தங்கை மகள், கவனித்தாள். அவள் காரோட்டும் லைசென்ஸ் எடுத்து, பழைய கார் ஒன்று வாங்கியிருந்தாள். அவளுடைய கூட்டாளிகளின் கார்கள் எல்லாம் தரையைத் தொட்டுவிடுவது போலத் தாழ்ந்திருக்கும். ஒரு நாள் தொட்டிக்கு முன்னால் குந்தி உட்கார்ந்து, ஸ்பிரிங்கை விரலால் தட்டிப் பார்த்தாள்.

“மாமா, இது ரேஸ் காருக்குப் போடுறதுதானே? இவ்ளோ நல்ல சாமான கொண்டுபோயி பூந்தொட்டிக்கு வச்சிருக்காங்க. என் காருக்கு ஆகுமான்னு அப்பாகிட்ட கேட்டுச் சொல்லுங்களேன்.”

“அது பெரிய கதை. எழுதித் தரேன்மா” என்றேன்.

“வாட்சப்லயா?”

“தாள்ல.”

அவள் சிரித்தாள். அவள் சிரித்தபடியே இருக்கட்டும் என்றுதான் இந்தக் கதையை ஆரம்பத்திலிருந்து சொல்கிறேன். இது அவளுடைய அப்பாவைப் பற்றியது. தங்கையின் புருஷன் என்பதால் எனக்கு அவர் மாப்பிள்ளை.

மாப்பிள்ளைக்குத் தேயிலைத் தொழிற்சாலையில் வேலை. பறித்து வரும் கொழுந்தை நான் லாரியில் கொண்டுபோய் இறக்குவேன். அதைப் பரப்பி வாட்டும் இடத்தில் அவர் நிற்பார். நான் பேசாதவன் என்பதால் என் பங்கையும் சேர்த்துப் பேசுவார். அவரிடம் ஒரு சிவப்பு நிறச் சின்னக் கார் இருந்தது. பழைய காராகத்தான் வாங்கினார். வரிசையாகக் கட்டிய எங்கள் லைன் வீடுகளில் அப்போது வேறு யாரிடமும் கார் கிடையாது. அதனால் அந்தக் கார் எல்லாருக்கும் பொதுவாக இருந்தது. காய்ச்சல்காரர்கள், பொண்ணு பார்க்கப் போகிறவர்கள், பக்கத்து டவுனான கம்போங் ராஜாவில் சமையல் காஸ் தோம்பு வாங்கப் போகிறவர்கள் எல்லாரும் அதில்தான் ஏறுவார்கள். ஏறாதவள் என் தங்கை ஒருத்திதான்.

மலையில் பிறந்து வளர்ந்தும் அவளுக்கு மலைப்பாதை ஆகாது. வளைவுக்கு வளைவு கார் ஒரு பக்கமாகச் சாயும்போது தலை சுற்றி வாந்தி எடுத்துவிடுவாள். வாயில் ஒதுக்கிக்கொள்ளப் புளிப்பான அசாம் பழம், முகர்ந்து பார்க்க எலுமிச்சை, மடியில் பிளாஸ்டிக் பை எல்லாம் வைத்துக்கொண்டும் பாதி வழிக்குள் துவண்டு விழுவாள். போகாமலே இருந்துவிடலாம் என்றாலும் முடியாது. கல்யாணமாகிப் பல வருடங்கள் பிள்ளை இல்லை. ஒரு தடவை உண்டாகி மூன்றாம் மாதத்தில் கலைந்துபோனது. மலைக்குக் கீழே ஈப்போ டவுன் ஆஸ்பத்திரியில் வைத்தியம் பார்த்தார்கள். மாதா மாதம் இறங்கிப் போய் வர வேண்டும். ஒரு நாள் திரும்பி வந்தவள் வீட்டுக்குள் போகக்கூடத் தெம்பில்லாமல் வாசலில் தண்ணீர் ஓடும் காண் ஓரத்தில் உட்கார்ந்துவிட்டாள். “எனக்குப் புள்ளயே வேணாம். இனிமே இந்த மலய நான் எறங்க மாட்டேன்” என்றாள். மாப்பிள்ளை காரைச் சுற்றிச் சுற்றி வந்தார். டயரை உதைத்தார். காரின் மூலையை அமுக்கிவிட்டு, அது மேலும் கீழும் ஆடுவதைப் பார்த்துக்கொண்டே நின்றார்.

அடுத்த மாதம் அவர் ஈப்போவிலிருந்து காரை ஓட்டிக்கொண்டு வந்தபோது, கார் குட்டையாகிவிட்டிருந்தது. பந்தயக் காருக்குப் போடும் மாதிரியான ஸ்பிரிங்கும், அதிர்வை அடக்கும் அப்சர்பரும் நாலு சக்கரத்துக்கும் மாட்டியிருந்தார். தடித்த மஞ்சள் ஸ்பிரிங். கெட்டியாகவும் இளக்கமாகவும் மாற்றிக்கொள்ள மேலே ஒரு திருகு. பழைய ஸ்பிரிங்குகளை ஒரு சாக்கில் கட்டிப் பின்னால் போட்டிருந்தார். தூக்கிப் போட வேண்டியவற்றைத் தங்கை எடுத்து வாசலில் நிற்க வைத்து, தன் தொட்டிகளை அவற்றின் மேல் வைத்தாள். அப்போது அவை கறுப்பு ஸ்பிரிங்குகள்.

லைனில் எல்லாரும் சிரித்தார்கள். “என்னா மாப்ள, ஒங்க காரு வயித்தால நடக்குது?” என்றார் பழைய கங்காணி. வேலையை விட்டு எத்தனையோ காலமாகியும் அவரை நாங்கள் கங்காணி என்றுதான் கூப்பிடுவோம். மாப்பிள்ளை என் தங்கையிடம் மட்டும், “ஒரே ஒரு தடவ ஏறிப் பாரு புள்ள. வாந்தி வந்துச்சுன்னா நானே இதக் கழட்டி ஆத்துல போட்டுடறேன்” என்றார்.

அந்தப் பயணத்தில் நானும் இருந்தேன். ரேஸ் ஸ்பிரிங் வீண் செலவு, பொடியன்கள் விளையாட்டு என்று சொல்கிறவர்கள் இருக்கிறார்கள். நான் அப்படிச் சொல்ல மாட்டேன். ஈப்போவுக்கு இறங்கும் புது ரோடு அகலமானது, வழவழப்பானது. அதில் அந்தக் கார் போன விதத்தை நான் மறக்கவில்லை. எந்த வளைவிலும் சாயவில்லை. தண்டவாளத்தில் போவது போலப் போனது. பிளாஸ்டிக் பையை மடியில் விரித்து வைத்திருந்த தங்கை, பாதி வழியில் அதை மடித்துவிட்டாள். ஈப்போவில் இறங்கியதும் தோசைக் கடை எங்கே என்று கேட்டாள். அவள் சாப்பிட்டு முடிக்கும்வரை மாப்பிள்ளை தன் தட்டைத் தொடாமல் அவளையே பார்த்துக்கொண்டிருந்தார். அதன் பிறகு அவள் ஒரு மாதமும் வைத்தியத்தைத் தவறவிடவில்லை. அந்த வருடமே மறுபடியும் உண்டானாள்.

ஆயுத பூஜை அன்று எல்லாரும் காருக்கு முன்னால் எலுமிச்சை வைத்துப் பொட்டு வைப்பார்கள். மாப்பிள்ளை சேற்றில் மல்லாந்து படுத்து, சக்கரத்துக்குள் கைவிட்டு, நான்கு மஞ்சள் ஸ்பிரிங்குக்கும் குங்குமம் வைத்தார். சட்டையெல்லாம் சேறாக எழுந்து வந்து, “சாமி எந்த ரூபத்துல வரும்னு யாரு கண்டா மச்சான்” என்றார். எங்களுக்கும் அது சரியென்றுதான் பட்டது.

ஈப்போ ரோட்டில் சாமியாக இருந்தது, தோட்டத்து ரோட்டில் அப்படி இருக்கவில்லை. மெயின் ரோட்டிலிருந்து எங்கள் லைனுக்கு வரும் வழி தேயிலைக்கு நடுவே வளைந்து வளைந்து ஏறும். தார் பெயர்ந்து கல் தெரியும். மழைத்தண்ணீர் குறுக்கே ஓட அங்கங்கே சிமெண்டில் பள்ளம் போட்டிருக்கும். பழைய இளகிய ஸ்பிரிங் ஒரு குழியை விழுங்கிக்கொள்ளும். கெட்டி ஸ்பிரிங் விழுங்காது; குழியை அப்படியே தூக்கி நம் முதுகெலும்பில் வைத்துவிடும். காரும் தாழ்ந்துவிட்டதால் பள்ளத்துக்குப் பள்ளம் அடியில் உரசும். ஈரத்தில் இன்னொரு ஆபத்தும் உண்டு. கெட்டி ஸ்பிரிங் போட்ட சக்கரம் மேடு பள்ளத்தில் தரையோடு ஒட்டிப் போகாமல் குதிக்கும். குதிக்கும் நேரத்தில் பிடிமானம் இல்லை. தொழிற்சாலை வளைவில் ஒரு தடவை கார் அப்படி வழுக்கித் தேயிலைச் செடிக்குள் மூக்கை நுழைத்தது. பந்தயம் ஓடுகிற இடத்தில் ரோட்டைப் பெருக்கி வைத்திருப்பார்கள். எங்கள் ரோட்டை மழைதான் பெருக்கும்.

வயிற்றில் பிள்ளையோடு போன ஒரு தடவை, கொஞ்சம் ரத்தம் பட்டிருப்பதாகத் தங்கை சொன்னாள். டாக்டரம்மா பார்த்துவிட்டு, நஞ்சுக்கொடி கீழே இறங்கியிருக்கிறது, ஓய்வில் இருக்க வேண்டும், வண்டியில் குலுங்கக் கூடாது என்றார். ஆனால் தவறாமல் வந்து காட்ட வேண்டும். மறுபடி ரத்தம் பட்டால் உடனே கிளம்பி வர வேண்டும். குலுங்காமல் எப்படி வருவது? தோட்டத்து ஜீப்பைக் கேட்டால் கொடுப்பார்கள். அது என் லாரியைவிட மோசமாகத் தூக்கிப் போடும். அன்று திரும்பி வரும்போது நான் முன் சீட்டில் இருந்தேன். தோட்டத்து ரோடு தொடங்கியதும் திரும்பிப் பார்த்தேன். தங்கை இரண்டு கைகளையும் சீட்டில் ஊன்றி, தன் உடம்பைத் தூக்கிப் பிடித்திருந்தாள். ஒவ்வொரு குழியையும் அவள் கைகள் வாங்கிக்கொண்டன. வீடு வந்து சேரும்போது அவள் தோள்கள் நடுங்கின.

அன்று சாயந்தரமே அவள் கேட்டாள். “பழைய ஸ்பிரிங்க மாட்டிடுங்களேன்.”

“என்னா பேசுற நீ? இது போட்டப்பறந்தானே புள்ளயே நின்னுச்சு. இதப் போயி கழட்டச் சொல்றியே” என்றார் மாப்பிள்ளை. குரலில் கோபம் இல்லை, பயம்தான் இருந்தது. முதல் பிள்ளை கலைந்தது பழைய ஸ்பிரிங் இருந்த காலத்தில். இந்தப் பிள்ளை தங்கியது மஞ்சள் ஸ்பிரிங் வந்த பிறகு. அவர் மனதில் கணக்கு அப்படி விழுந்துவிட்டது. பழையதை மாட்டினால் பழைய கெடுதலும் திரும்பி வந்துவிடும் என்று நினைத்தார். அதை மூட நம்பிக்கை என்று சொல்ல எனக்கு வாய் வரவில்லை. எனக்கும் உள்ளுக்குள் அந்தப் பயம் கொஞ்சம் இருந்தது.

சமாதானத்துக்காகத் திருகைக் கடைசிவரை இளக்கிப் பார்த்தார். வித்தியாசம் பெரிதாக இல்லை. கம்போங் ராஜாவில் ஒரு சீனர் பட்டறை வைத்திருந்தார். முதலாளி என்ற அர்த்தத்தில் நாங்கள் தவுக்கே என்று கூப்பிடுவோம். எங்கள் ஆட்களோடு பழகிப் பழகி எங்கள் மாதிரியே பேசுவார். “திருகுனா அப்சர்பர்தான் இளகும்லா. ஸ்பிரிங்கு கெட்டி கெட்டிதான். ஒன் பொண்டாட்டிய ஏத்திட்டு ரேஸா ஓடப் போற?” என்றார். மாப்பிள்ளை காரை எடுத்துக்கொண்டு வந்துவிட்டார்.

அதற்கடுத்த வெள்ளிக்கிழமை மாரியம்மன் கோயிலில் எங்கள் வீட்டு உபயம். தங்கை படுக்கையில் இருந்ததால் என் மனைவிதான் சமைத்தாள். சாம்பாரைப் பெரிய தூக்குவாளியில் ஊற்றி வைத்திருந்தாள். மாப்பிள்ளை புது வெள்ளை வேட்டி கட்டி, விபூதி பூசி, சாவியோடு வந்தார். படுத்திருந்த தங்கை, “அண்ணன் ஓட்டட்டும். நீங்க பின்னால ஒக்காந்து சாம்பார மடியில வச்சுப் புடிச்சுக்கங்க. கீழ வச்சா சாஞ்சிரும்” என்றாள். அவரும் ஏறிக்கொண்டார். அப்போதுதான் எனக்கு உறைத்தது. கார் வாங்கிய நாளிலிருந்து அவர் அதன் பின் சீட்டில் உட்கார்ந்ததே இல்லை.

நான் மெதுவாகத்தான் ஓட்டினேன். முதல் பள்ளத்தில், “மச்சான், மெதுவா” என்றார். இரண்டாவதில், “ஐயோ, சுடுது மச்சான்” என்றார். கண்ணாடியில் பார்த்தேன். வாளியைச் சீட்டுக்கு மேல் தூக்கிப் பிடித்துக்கொண்டு, குழி வரும்போதெல்லாம் பல்லைக் கடித்தபடி தானும் எழும்பி எழும்பி உட்கார்ந்துகொண்டிருந்தார். தங்கை செய்த அதே மாதிரி. கோயில் வாசலில் இறங்கியபோது வேட்டி இடுப்பிலிருந்து முழங்கால்வரை மஞ்சளாக இருந்தது. மடிப்பில் ஒரு முருங்கைக்காய்த் துண்டு.

“அம்மனுக்குப் பாலபிசேகம். மாப்ளக்கி சாம்பார் அபிசேகமா?” என்றார் கங்காணி. கோயிலே சிரித்தது. மாப்பிள்ளை சிரிக்கவில்லை. என் பக்கம் திரும்பி, மற்றவர்களுக்குக் கேட்காதபடி, “பின்னாடி இப்படித்தான் இருக்குமா மச்சான்? அவ ஒரு வார்த்த சொல்லலியே” என்றார்.

அவள் சொன்னாள் என்று நான் சொல்லவில்லை. அது அவருக்கே தெரிந்திருந்தது.

மறுநாள் காலையில் நான் போனபோது அவர் வாசலில் குந்தி உட்கார்ந்திருந்தார். மூன்று தொட்டிகள் தரையில் இருந்தன. நான்காவது தொட்டியின் அடித்துளை வழியாக வேர் இறங்கி, ஸ்பிரிங்கின் வளையங்களில் பின்னிக்கொண்டிருந்தது. கத்தியால் ஒரு வெட்டு வெட்டினால் வேலை முடிந்துவிடும். அவர் வெட்டவில்லை. ஒவ்வொரு வேராக விரல் நுனியால் பிரித்தெடுத்துக்கொண்டிருந்தார். “இன்னிக்கு எதையும் வெட்ட வேணாம் மச்சான்” என்றார். நானும் எதிரில் உட்கார்ந்து தொட்டியைத் தூக்கிப் பிடித்துக்கொண்டேன். பழைய ஸ்பிரிங்குகளைப் பட்டறைக்குக் கொண்டுபோனோம். தவுக்கே துருவைத் தேய்த்து, விரிசல் எதுவும் இல்லை என்று தட்டிப் பார்த்து, சாதாரணப் புது அப்சர்பரோடு அவற்றை மாட்டினார். “இப்பதான்லா இது குடும்பக் காரு” என்றார்.

கொஞ்ச நாளில், மாதம் நெருங்கிய சமயம், குளிர் விலகாத ஒரு காலையில், தங்கைக்கு மறுபடி ரத்தம் பட்டது. மாப்பிள்ளை ஓட்டினார். நான் முன்னால், என் மனைவி பின்னால் தங்கையின் தலையை மடியில் வைத்திருந்தாள். தோட்டத்து ரோட்டில் கார் ஒவ்வொரு பள்ளத்திலும் பெருமூச்சு விடுவது போல மெல்ல இறங்கி மெல்ல ஏறியது. தங்கை கைகளை ஊன்றவில்லை. இரண்டையும் வயிற்றின் மேல் வைத்திருந்தாள். ஈப்போ ரோட்டில் கார் பழையபடி சாய ஆரம்பித்தது. மாப்பிள்ளை நடந்து போவது போல ஓட்டினார். காய்கறி லாரிகள் ஹாரன் அடித்துக்கொண்டு எங்களைத் தாண்டிப் போயின. அப்படியும் அவளுக்கு வாந்தி நிற்கவில்லை. ஒவ்வொரு தடவையும் மாப்பிள்ளை, “முடியலியா புள்ள? நிறுத்தவா?” என்று கேட்டார். அவள் வாயைத் துடைத்துக்கொண்டு, “வாந்திதானே, வந்துட்டுப் போவுது. நீங்க ரோட்டப் பாத்து ஓட்டுங்க” என்றாள்.

ஆஸ்பத்திரியில் உடனே உள்ளே கொண்டுபோனார்கள். நாங்கள் வெளியே உட்கார்ந்திருந்தோம். மாப்பிள்ளை சட்டைப் பையிலிருந்து அன்று தொட்டியிலிருந்து உதிர்ந்த ஒரு காய்ந்த வேரை எடுத்து விரலில் சுற்றுவதும் அவிழ்ப்பதுமாக இருந்தார். கதவு திறந்து தாதி வந்து, பெண் குழந்தை, தாயும் நலம் என்றபோது அவர் எழுந்தார். என் தோளைப் பிடித்துக்கொண்டார். என் நெஞ்சில் அத்தனை மாதமாக ஏற்றி வைத்திருந்த மூட்டையை யாரோ இறக்கிய மாதிரி இருந்தது. ஸ்பிரிங்தான் பிள்ளையைக் காப்பாற்றியது என்று நான் சொல்ல வரவில்லை. சரியான நேரத்துக்கு வந்தீர்கள் என்று மட்டும் டாக்டரம்மா சொன்னார். அது எனக்குப் போதும்.

வார்டில் தங்கையைப் பார்த்தபோது பிள்ளை அவள் பக்கத்தில் தூங்கிக்கொண்டிருந்தது. மாப்பிள்ளை தண்ணீர் வாங்கப் போன சமயம் பார்த்து, “அண்ணே, அந்தச் சாம்பார் வாளி மூடிய நாந்தான் அழுத்தாம வைக்கச் சொன்னேன். அண்ணி வேணாம்னாங்க” என்றாள். சொல்லிவிட்டுச் சிரித்தாள். ஆபரேஷன் தையல் வலிக்கிறது என்று வயிற்றைப் பிடித்துக்கொண்டு மறுபடியும் சிரித்தாள். மாப்பிள்ளைக்கு இது இன்றுவரை தெரியாது. இதைப் படித்துத் தெரிந்துகொள்ளட்டும்.

மஞ்சள் ஸ்பிரிங்குகள் வீட்டில் கிடந்தன. பக்கத்து ஊரான கோலா தெர்லாவிலிருந்து ஒரு பையன் நல்ல விலைக்குக் கேட்டு வந்தான். மாப்பிள்ளை அவனைத் தேநீர் கொடுத்து உட்கார வைத்து, வீட்டில் யார் யார் இருக்கிறார்கள் என்று விசாரித்தார். பிறகு, “விக்கிறதா இல்ல தம்பி” என்று அனுப்பிவிட்டார். ஏன் என்று நான் கேட்டேன். “அவன் வூட்ல அக்கா ஒண்ணு முழுகாம இருக்குதாம் மச்சான்” என்றார். அன்றே தொட்டிகளை எடுத்து மஞ்சள் ஸ்பிரிங்குகளின் மேல் வைத்தார்.

இதுதான் கதை. இதுவரை எழுதிய தாளை மருமகள் வாங்கிப் படித்தாள்; மிச்சத்தை அதற்குப் பிறகு எழுதுகிறேன். அங்கங்கே என் எழுத்துப் புரியாமல் என்னிடம் கேட்டாள். படித்து முடித்ததும், “அப்ப நல்ல டயரும் புது அப்சர்பரும் போட்டாப் போதும்லா மாமா?” என்றாள். போதும் என்றேன். எங்கள் ரோட்டில் தினமும் ஓடும் காருக்கு அது போதும். பந்தயம் ஓடப் போனால் மஞ்சள் ஸ்பிரிங் போட்டுக்கொள்ளட்டும். அதற்குத்தான் அதைச் செய்தார்கள். ஆறாம் வகுப்புப் படித்தவன் அதற்கு மேல் சொல்லத் தேவையில்லை. அவள் எழுந்து போய்த் தொட்டிகளுக்குத் தண்ணீர் ஊற்றினாள். எனக்கு அப்பாடா என்றிருந்தது.

தண்ணீர் தொட்டியின் அடித்துளை வழியாக வடிந்து, மஞ்சள் வளையங்களில் இறங்கியது. ஆயுத பூஜைக்கு என் தங்கை வைத்த குங்குமம் அதில் கொஞ்சம் கரைந்து ஓடியது. ஒவ்வொரு வருடமும் அவள் வைக்கிறாள். ஏன் இன்னும் என்று நான் கேட்டதில்லை. ஒரு தடவை அவளே சொன்னாள்: “ஈப்போவுக்கு என்னய எறக்கிக் கொண்டு போனது அதுதானே அண்ணே.”

எழுதி முடித்தது, ஆயுத பூஜைக்கு அடுத்து வந்த ஞாயிற்றுக்கிழமை, மழை விட்ட பிறகு.